பால் பொங்கியதும் விழுந்த சுவிட்ச்

பயந்த சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெண் கொடுக்கும்போதுகூட, "பயந்த பையன், சத்தமே போட மாட்டான்" என்று அதை ஒரு தகுதியாகச் சொல்கிறார்கள். என் அக்காவின் வலது கை மணிக்கட்டைக் கேட்டுப் பாருங்கள். அது வேறு கதை சொல்லும்.

நான் பயந்தவன். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பஸ்ஸில் மலைப்பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன். இறங்கி வரும்போதும் மலைப்பக்கம்தான் (அந்தப் பக்கம் இடம் இல்லையென்றால் அடுத்த பஸ் வரும்வரை நின்றதும் உண்டு). வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஒரு பூட்டு கையோடு வந்துவிட்டது அப்படித்தான். மழை பெய்தால் மற்றவர்கள் போர்வைக்குள் போவார்கள். நான் வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது நகர்ந்தால் முதலில் எனக்குத் தெரியட்டும் என்று.

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டதற்கும் அதுதான் காரணம். ஆற்றுக்கு மேலே ஒரு பலகைப் பாலம். ஒருநாள் நான் நடுவில் இருக்கும்போது அது ஆடியது. அதோடு நான் போகவில்லை. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் அதே பாலத்தில் நடந்து போய்த்தான் படித்தார்கள். ஒருவன் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாலம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிறகு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அரைக்கும் இயந்திரங்கள் இருந்த அறையின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கரண்ட் பிடித்த ஒரு மனிதன். கண் இறுக மூடி, வாய் திறந்து, தோள் இரண்டும் தூக்கி நிற்பான். பக்கத்தில் இன்னொருவன் கையில் கட்டையோடு நிற்பான். கீழே மூன்று வரி: "கரண்ட் பிடித்தவரைக் கையால் தொடாதே. மெயின் சுவிட்சை அணை. அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கு." என் வாழ்க்கையில் முழுதாக மனப்பாடம் செய்த பாடம் அது ஒன்றுதான். வருஷக்கணக்காக அந்தப் படத்தின் முன்னால் நின்று வேலை செய்தேன். அந்த மனிதனின் முகம் என் அப்பாவின் முகத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி அக்கா. பார்வதி அக்கா எனக்கு மூத்தவள், எனக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு. மாமா இறந்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவுக்கே, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், வந்துவிட்டாள். கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு அந்த மலையில் ஈடு கிடையாது. மற்றவர்கள் ஒரு நிரையை முடிப்பதற்குள் அவள் அடுத்த நிரையின் பாதியில் நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுடைய சிரிப்பு ஒரு தனி ரகம். சத்தமே வராது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, உடம்பு மட்டும் குலுங்கும். காம்பராச் சுவரில் சாய்ந்து சிரித்தாளென்றால் இந்தப் பக்கம் எங்கள் முகம் பார்க்கும் கண்ணாடி ஆடும். "அண்ணி சிரிக்குது" என்று என் மனைவி செல்வி ஓடிப்போய்க் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தக் காம்பராவுக்கு மீட்டர் கிடையாது. லயத்தில் அது பெரிய விஷயமில்லை. ஒரு வீட்டில் கரண்ட் இருந்தால், சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் இருக்கிற சந்து வழியாக ஒரு வயரை எறிந்தால் போதும், பக்கத்து வீட்டிலும் பல்பு எரியும். அக்காவின் பல்பும் டிவியும் எங்கள் வீட்டு வயரில்தான் ஓடின. ஆனால் அந்த வயர் சரியாக என் தலைமாட்டுக்கு மேலே போனது. நடுவில் ஒரு ஒட்டு. ஒட்டின் மேல் சுற்றிய டேப் பிரிந்து தொங்கியது. மல்லாந்து படுத்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு எலி உட்கார்ந்திருந்தது. அதை விரட்டிவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மெயினை அணைத்தேன், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன், ஒரே வெட்டு. மெயினைத் திரும்பப் போட்டேன். இதில் எதையும் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாளே என்று பயம்.

சுவருக்கு அந்தப் பக்கம் லயத்துப் பெண்கள் எல்லோரும் கூடி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கதாநாயகிக்குத் தன் உண்மையான தாய் யார் என்று தெரியப்போகிற இடம். தாய் வாயைத் திறந்தாள், நான் வயரை வெட்டினேன்.

அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். "டேய் மணி, கரண்ட் போயிருச்சா?"

என் வீட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. என் கையில் கத்தி இருந்தது.

பல்பைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே அவுத்துக் குடுத்திருப்பேனேடா" என்றாள். அவ்வளவுதான். அந்த மாசம் முடிவதற்குள் தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டாள். அப்புறம் இரண்டு வருஷம் ஒரே கோயிலில் கும்பிட்டோம், ஒரே பாதையில் எதிரெதிரே நடந்தோம், பேசவில்லை. வயர் சுட்டதென்று அவளுக்குத் தெரியாது. போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கும் பயந்தேன்.

இதற்கிடையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரியும் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள் (நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை). எதிர்ப் பக்கத்துச் சரிவில் ஆளுக்கொரு தனி வீடு கிடைத்தது. வயரிங் செய்ய பதுளை டவுனிலிருந்து ஃபாரூக் நானா வந்தார் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்). வேலையில் கெட்டிக்காரர், வாயில் அதைவிட. அவர் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதற்குள் இருந்த சின்னச் சின்ன சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஒன்றை வைத்தார்.

"நானா, இது எதுக்கு?"

"இதுதான் தம்பி ட்ரிப் சுவிட்ச். அந்தச் சின்னதுகள் வயர் சூடாகாமப் பாத்துக்கொள்ளும். இது ஆளப் பாத்துக்கொள்ளும். போற கரண்டும் திரும்பி வாற கரண்டும் ஒரே அளவா இருக்கான்னு இது பாத்துக்கொண்டே இருக்கும். எங்கயாவது கொஞ்சம் ஒழுகி, ஒரு ஆள்ட உடம்பு வழியாவோ ஈரச் செவுரு வழியாவோ மண்ணுக்குப் போனா, கணக்கு ஒதைக்கும். உடனே விழுந்துரும்."

"எவ்வளவு நேரத்துல விழும்?"

"நீங்க கண்ண மூடித் தொறக்க முந்தி."

நான் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு ஆள் சாக முடியுமா என்று யோசித்தேன். "விழாமப் போனா?" என்றேன்.

"அதுக்குத்தான் இந்த பட்டன். மாசத்துக்கு ஒருக்கா அமுக்குங்க. விழுந்தா நல்லாருக்குதுன்னு அர்த்தம். திரும்ப மேல தள்ளி விடுங்க."

மாசத்துக்கு ஒருமுறையா? நான் காலையில் பல் விளக்கியதும் அமுக்குவேன், வேலைக்குப் போகுமுன் அமுக்குவேன், வந்ததும் அமுக்குவேன். ஒவ்வொரு தடவையும் ரைஸ் குக்கர் நின்று, அரிசி பாதி வெந்து, செல்வி அகப்பையோடு வருவாள். "ஒரு நாளைக்கு அது செத்துப் போகப் போவுது, நீங்க அமுக்குற அமுக்குல!"

ஆனால் அந்த சுவிட்சின் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. ஏன் என்றால், போனது அத்தனையும் திரும்பி வந்ததா என்று ராவும் பகலும் கவலைப்பட்டுக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிற சீவன், உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தோம். பால் பானையை வைக்க வேண்டியவள் வீட்டுக்காரனின் உடன்பிறந்தவள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. "அண்ணி வராம நான் பானைய எடுக்க மாட்டேன்" என்று செல்வி கையைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வெட்டினது, நீங்களே போய் ஒட்டிட்டு வாங்க."

மேல் பிரிவுக்கு ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சொல்லிப் பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா... பால் காய்ச்சுறோம். நீதான் வந்து பானைய வைக்கணும்."

அவள் நிமிரவில்லை. "வீட்டுல கரண்ட் இருக்கா?"

"இருக்குக்கா."

"கத்தி?"

"கத்தி இல்லக்கா."

"அப்ப வர்றேன்" என்றாள். கீரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் வாயோரம் கொஞ்சம் கோணியது. நான் அந்தச் சரிவில் எப்படி இறங்கி வந்தேன் என்று எனக்கே தெரியாது. பள்ளத்துப் பக்கமாகவே நடந்து வந்திருக்கிறேன்.

கத்தி இல்லை என்று சொன்னது உண்மைதான். கட்டையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

பால் காய்ச்ச மூன்று கல் வைத்து விறகு மூட்டுவதுதான் வழக்கம். செல்விக்கு அதில் சம்மதமில்லை. "புதுசா வெள்ள அடிச்ச செவுரு. கரி புடிச்சா யாரு சொரண்டுறது?" எனக்கும் தீ என்றால் பயம். எங்கள் மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய ஹொட்பிளேட் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. வட்டச் சுருள் உள்ளது. சுவிட்சைப் போட்டால் சிவப்பாகப் பழுக்கும். அதிலேயே காய்ச்சுவது என்று முடிவானது. பூசாரியிடம் கேட்டோம். அவர் சுருளைக் குனிந்து பார்த்து, "செவப்பாத்தானே இருக்கு? அதுவும் அக்கினிதான்" என்று உத்தரவு கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. கரண்டில் வைத்த பானையை அக்கா தொடப்போகிறாள். முதலில் செல்வியிடம், "பாலக் கொஞ்சமா ஊத்து, பொங்கி வழியாமப் பாத்துக்கலாம்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொங்கத்தாங்க பால் காய்ச்சுறது!" அடுத்து, அடுப்படிக்குள் வருகிற எல்லோரும் ரப்பர் செருப்பு போட வேண்டும் என்று பூசாரியிடம் சொன்னேன். "சாமி காரியத்துல செருப்பா? நீ வெளிய நில்லுப்பா" என்றார். அதனால் எனக்கு மட்டும் ஒரு பலகை போட்டுக்கொண்டு அதன்மேல் நின்றேன் (வீட்டுக்காரர் ஏன் பலகையில் நிற்கிறார் என்று வந்தவர்கள் கேட்க, ஏதோ வேண்டுதல் என்று செல்வி சமாளித்தாள்).

கடைசியாக, கதவுக்குப் பின்னால் ஒரு பழைய மம்பட்டிப் பிடியைச் சாத்தி வைத்தேன். கொய்யா மரம். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு எலும்பு மாதிரிக் காய வைத்தது. பனி ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் ஷொப்பிங் பையைச் சுற்றி நூலால் கட்டியும் வைத்திருந்தேன்.

அன்று காலையில் நல்ல பனி. அக்கா அரக்குச் சேலை கட்டி, தட்டில் உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் வைத்து ஏந்திக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வாசற்படியில் அவள் வலது கால் வைத்தாள். நான் நேரே அழைத்துப் போய் அந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். ஃபாரூக் நானா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். கொஞ்சம் ஒழுகினாலும் விழுந்துவிடும் என்றேன்.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். "உன்ன மாதிரியே இருக்குடா" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுப்படியில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கூடத்தில் ஸ்பீக்கரில் சாமி பாட்டு ஓடியது. அக்கா பானையை வைத்தாள், நான் பலகையில் நின்றபடி சுவிட்சைப் போட்டேன். சுருள் சிவந்தது. பால் அசைந்து, ஓரம் நுரைத்து, மேலே மேலே ஏறியது. பானை சரியாமல் இருக்க அக்கா துணியை வைத்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். என் கை தானாகக் கதவுக்குப் பின்னால் போனது.

பால் பொங்கியது. குலவைச் சத்தம் எழும்பியது. வெள்ளையாக வழிந்து சுருளின் மேல் "ஸ்ஸ்" என்று விழுந்து, அடியில் இறங்கியது. தீய்ந்த பால் மணம். அப்போது கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது.

டக்.

பல்பு அணைந்தது. பாட்டு பாதியில் நின்றது. குலவை போட்ட வாய்களும் அப்படியே நின்றுவிட்டன. பனி மூடிய ஜன்னல் வெளிச்சத்தில் நான் அக்காவைப் பார்த்தேன்.

கண் இறுக மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையும் பானையைப் பிடித்தபடி இருந்தன. தோள் இரண்டும் தூக்கி, உடம்பு குலுங்கியது, வளையல் கலகலவென்றது.

தொழிற்சாலைச் சுவரில் இருந்த அதே படம்.

கையால் தொடாதே. அதைச் சரியாகக் கடைப்பிடித்தேன். இரண்டாவது வரியை விட்டுவிட்டேன், மெயினை அணைக்கப் போகவில்லை (அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது என்பதை என் தலை யோசிக்கவில்லை). மூன்றாவது வரிக்குத் தாவினேன். "தள்ளுங்க! அக்காவ கரண்ட் புடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு, ஷொப்பிங் பையைக்கூடப் பிரிக்காமல், மம்பட்டிப் பிடியை ஓங்கி அவள் கையில் போட்டேன். படத்தில் "விலக்கு" என்றுதான் எழுதியிருந்தது. நான் அடித்தேன்.

பானை பின்னால் சாய்ந்து, பால் முழுவதும் செல்வியின் புது வெள்ளைச் சுவரில் அடித்தது. கரண்ட் என்று கேட்டதும் கூட்டம் வெளியே பாய்ந்தது. முதலில் வெளியே போனவர் பூசாரி, கற்பூரத் தட்டோடு. பால் காய்ச்சிய வீட்டிலிருந்து ஒரு வாய் குடிக்காமல் அத்தனை பேரும் வாசலைத் தாண்டி ஓடியது எங்கள் தோட்டத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா அடிச்ச?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"கரண்ட்டு, அக்கா... நீ ஆடிக்கிட்டு நின்ன... வாயத் தொறந்து..."

"சிரிச்சேன்டா."

நான் கட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

"பாலப் பாத்துப் பயந்து உன் சுவிட்சு விழுந்துருச்சேன்னு சிரிச்சேன். அதுவும் உன்ன மாதிரியேன்னு..." அதற்கு மேல் வலி பேசவிடவில்லை.

சுவர் அதிர, கண்ணாடி ஆட, எத்தனை வருஷம் கேட்காமலே கேட்ட சிரிப்பு அது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. தொழிற்சாலைச் சுவரில் இருந்த, பெயர் தெரியாத மனிதனின் முகம் மட்டும் மறக்கவில்லை.

ஆட்டோவில் பதுளைக்குப் போனோம். வழி முழுவதும் நான் அழுதேன். கை வலியோடு இருந்தவள், "டேய், டிரைவர் தம்பி பாதையப் பாக்க மாட்டேங்குறாரு, உன்னையே பாக்குறாரு, அழுகைய நிறுத்து, உருண்டுரப் போறோம்" என்று என்னைத் தேற்ற வேண்டியிருந்தது. அதோடு நிறுத்தினேன், பயத்தில்.

ஆஸ்பத்திரியில் கையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு உடைந்திருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண். "எப்படி நடந்தது? கரண்ட் அடித்ததா?" என்று கேட்டார்.

"கரண்ட்டு ஒண்ணும் செய்யலீங்க டொக்டர்" என்றாள் அக்கா. என்னை முகவாயால் காட்டினாள். "காப்பாத்துனது இவரு."

மறுநாள் ஃபாரூக் நானா வந்து ஹொட்பிளேட்டைக் கவிழ்த்து, உள்ளே தீய்ந்து கிடந்த பாலைக் காட்டினார். "வயர் பூட்டுற இடத்துக்கே பால் எறங்கி, அதுவழியா கரண்ட் ஏர்த்துக்குப் போயிருக்கு. சுவிட்ச் அத உடனே புடிச்சிட்டுது. நீங்க கட்டைய எடுக்க முந்தி வீட்டுல கரண்டே இல்ல தம்பி. இல்லாத கரண்டுக்கு ஒரு மனுசிய அடிச்சிருக்கிறீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "சுவிட்ச் நல்லா வேல செய்யுது. மாத்துறதெண்டா உங்களத்தான் மாத்தோணும்."

கட்டுப் போட்ட கையோடு சமைக்க முடியாதென்று செல்வி அக்காவை எங்கள் வீட்டிலேயே இருத்திக்கொண்டாள். நான்தான் துணி துவைத்தேன், தேங்காய் துருவினேன். அக்கா ஒரு கதிரையில் உட்கார்ந்து, "உப்பு போட்டியா? பயந்துக்கிட்டுப் போடாத, தாராளமாப் போடு" என்று உத்தரவு போடுவாள். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது (கண்ணீருக்கு ஒரு காரணம் கையில் இருந்தது) சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த வயர் சுட்டுச்சு. தொட்டுப் பாத்தேன். தீப் புடிச்சிருமோன்னுதான் வெட்டினேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இத ஏன்டா ரெண்டு வருசமாச் சொல்லல?"

"சொன்னா நீ கோவிப்பன்னு பயமா இருந்துச்சு."

"சொல்லாததுக்குத்தான்டா கோவிச்சேன், முட்டாள்."

அவ்வளவுதான், முடிந்தது. இந்த நாலு வார்த்தையை லயத்து வாசலில், கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பேசியிருந்தால், அவள் கை முழுதாக இருந்திருக்கும்.

ஏன் என்றால் அது முழுதாகவில்லை. மாவுக்கட்டை அவிழ்த்த பிறகும் மணிக்கட்டு பாதிக்கு மேல் மடங்கவில்லை. திரும்ப மலைக்குப் போய்ப் பார்த்தாள். புதுசாக வந்த பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒருநாள் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் தானாகவே கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். இப்போது பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

குடும்பத்தில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. எங்கள் வீட்டில் அக்காவுக்குச் சிரிப்பு வந்தால், முதலில் இடது கையைத் தூக்கி அறிவிப்பாள்: "டேய் மணி, சிரிக்கப் போறேன். கட்டையக் கீழ போடு." அதற்கே எல்லோரும் சிரித்து விழுவார்கள். தீபாவளிக்கு வருகிற புது மாப்பிள்ளைகளுக்கும் இது சொல்லிக் கொடுக்கப்படுகிறது. கரண்ட் போனால், "மாமா எங்க? கட்டை எங்க?" என்று பிள்ளைகள் மேசைக்கு அடியில் போய் ஒளிவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சொல்லிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பில் சத்தம் இருக்கிறது. அந்தச் சத்தமில்லாத சிரிப்பு எங்கள் வீட்டுக்குள் அதற்கப்புறம் வரவே இல்லை.

போன மாசம் பிள்ளைக் காம்பராவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு குழந்தை தன் தலையில் சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா அதன் எதிரில் தரையில் இருந்தாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே போகவில்லை, கூப்பிடவில்லை, இருமக்கூட இல்லை.

எப்படியோ கண்ணைத் திறந்து என்னைக் கண்டுகொண்டாள்.

"டேய் மணி, கொஞ்சம் இரு, சிரிச்சு முடிச்சிர்றேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வலது கை மட்டும், அவளுக்கே தெரியாமல், முந்தானைக்குள் போயிருந்தது.